காற்றில் பறக்காத பச்சை அட்டை

நர்ஸம்மா கேட்டைத் திறந்து உள்ளே வந்ததும் ஆய்வாளர் தன் ஜன்னலைத்தான் பார்த்தார். பச்சை அட்டை கம்பியில் சரியாகத்தான் தொங்கியது. மூன்று மாதமாக அதைப் பார்த்துவிட்டு நேரே போய்விடுகிறவள், இந்தச் சனிக்கிழமைதான் முதல்முறையாகப் படியேறினாள்.

"ஐயா, எந்தக் கிணத்துத் தண்ணியில காலரா வந்துச்சுன்னு மோந்தே கண்டுபிடிச்சவராமே நீங்க. என்னைக் காப்பாத்தணும்."

"மோந்து பாத்திருந்தா இப்ப உங்ககிட்ட பேசிட்டிருக்க மாட்டேன். உக்காரும்மா."

சுகாதாரத் துறையில் முப்பது வருடம் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். பக்கத்தில் காலாட்டிக்கொண்டிருந்தவர், காலமான மனைவியின் தம்பி, பழைய தபால்காரர். சனிக்கிழமை மட்டும் அக்காள் வீட்டுக்கு வருவார். துப்பறிவதென்றால் அவருக்குச் சாப்பாடே வேண்டாம்.

விஷயம் இதுதான். பக்கத்து ஊர் சுகாதார அலுவலகம், தங்களுக்குப் பலித்த வழி என்று ஒரு கையேடு அனுப்பியிருந்தது. தனியாக இருக்கும் முதியவர்கள் காலை எட்டு மணிக்குள் ஜன்னலில் பச்சை அட்டை தொங்கவிட வேண்டும். அட்டை இருந்தால் நர்ஸ் தாண்டிப் போகலாம். இல்லாவிட்டால் உள்ளே போய் பிரஷர் பார்த்து, என்ன ஏது என்று விசாரித்து, அந்த வீட்டுக்கான நோட்டில் தேதியோடு குறிக்க வேண்டும். இங்கேயும் நன்றாகத்தான் நடந்தது, பள்ளிக்கூடத் தெருவில் ஆறு வீடுகளில் அட்டைகள் காணாமல் போகும்வரை.

"நானே கழட்டி ஒளிச்சுட்டு, நிழல்ல உக்காந்து கதை பேசுறேனாம். கடைசித் தெருவுல ஒருத்தருக்குக் கால்புண்ணுக்குக் கட்டுப் போட லேட்டாகுதுன்னு புகார். திங்கக்கிழமை என்னை வேலையை விட்டு எடுத்துடுவாங்க."

"தெருப் பசங்க வேலை, அத்தான்," என்றார் மைத்துனர்.

"ஆறு வீட்டுக்காரங்களும் என்ன சொல்றாங்க?"

"காத்துல பறந்திருக்கும்னுதான். ஆறு பேரும் அதேதான்."

மூவரும் பள்ளிக்கூடத் தெருவுக்குப் போனார்கள். அன்றைக்கு அட்டை இல்லாதது ஆறாவது வீட்டில். அங்கே ஒரு வயதான தையல்காரர் தனியாக இருந்தார். ஜன்னல் கம்பியில் நூல் மட்டும் தொங்கியது. அது அறுந்திருக்கவில்லை, முடிச்சைப் பொறுமையாக அவிழ்த்திருந்தார்கள். உள்ளே இரண்டு நாற்காலிகள் எதிரெதிரே போட்டிருந்தன. மேசையில் கழுவிக் கவிழ்த்த இரண்டு தம்ளர்கள்.

"காத்துல பறந்திருக்கும்," என்றார் தையல்காரர், யாரும் கேட்பதற்கு முன்பே.

ஆய்வாளர் அந்த இரண்டு தம்ளர்களையும் பார்த்தார். ஆறு வீட்டு நோட்டுகளையும் நர்ஸிடம் வாங்கிக்கொண்டார்.

திங்கட்கிழமை சுகாதார அதிகாரியின் அறையில் அந்த நோட்டுகளை வரிசையாகப் பரப்பினார். அதிகாரியம்மாவும் நர்ஸும் குனிந்து பார்த்தார்கள். கிழமை மாறியும் வந்துவிட்ட மைத்துனர் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்.

"வீட்டுக்கொரு நோட்டு போட்டதால யாரும் சேத்துப் பாக்கல. திங்கக்கிழமை அட்டை காணாமப் போறது முதல் வீட்டுல. செவ்வாய் ரெண்டாவது வீடு. சனிக்கிழமை ஆறாவது. ஒரு நாளும் ரெண்டு வீட்டுல போகல. நர்ஸுக்கு லீவு, அதனால ஞாயிறு மட்டும் ஆறு அட்டையும் பத்திரமா இருக்கு. முறை தெரிஞ்ச காத்தும்மா இது."

"அப்ப யார் எடுக்கிறது?" என்றார் அதிகாரி.

"அவங்கவங்களேதான். மாசத்துல ஒரு நாள் மாத்திரை வாங்குற வரிசையில பேசி, முறை வெச்சிருக்கணும். பச்சை போட்டா நல்லா இருக்கோம்னு அர்த்தம். நல்லா இருந்தா யாரும் உள்ள வரமாட்டாங்க. ஒரே நாள்ல ஆறு பேரும் கழட்டினா நர்ஸுக்குக் கஷ்டம்னு அதையும் யோசிச்சிருக்காங்க. ஆறாவது வீட்டுத் தையல்காரருக்கு ஒரு தம்ளர் போதும். நர்ஸ் வர்றதுக்கு முன்னாடியே ரெண்டைக் கழுவி வெச்சிருந்தாரு."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். நர்ஸம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது, தனக்காக அல்ல.

அதிகாரி பக்கத்து ஊருக்குப் போன் போட்டார். அங்கிருந்த அதிகாரி நடந்ததையெல்லாம் கேட்டுக்கொண்டார். பிறகு, "எங்க ஊர்லயும் நடந்துச்சு மேடம். அப்புறம் நாங்களே வீட்டுக்கு வாரம் ஒரு நாள்னு முறை போட்டுட்டோம். உதவிக்கு இன்னொரு நர்ஸும் போட்டோம்," என்றார்.

"கையேட்டுல அது இல்லையே?"

"எது நல்லா நடந்துச்சுன்னுதானே எழுதச் சொன்னாங்க."

நர்ஸின் வேலை தப்பியது. கடைசித் தெருவுக்கு உதவி நர்ஸ் வருவதாக ஏற்பாடாயிற்று. மைத்துனர் ஆய்வாளரின் முதுகில் தட்டி, "சனிக்கிழமை பாக்கலாம், அத்தான்," என்று பஸ் ஏறிப் போனார்.

செவ்வாய்க்கிழமை காலை ஆய்வாளர் அட்டையைக் கையில் எடுத்தார். சும்மா மேசையில் வைத்துவிடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. பொய் அவருக்குப் பழக்கமில்லை. எட்டு மணிக்கு முன்பே கம்பியில் மாட்டிவிட்டு உட்கார்ந்தார். நேற்று மைத்துனரை வழியனுப்பியதற்குப் பிறகு அவர் யாரிடமும் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

கேட் திறந்தது.

"பச்சை போட்டிருக்கேனேம்மா," என்றார். குரல் கரகரத்தது.

"பாத்தேன் ஐயா." நர்ஸம்மா செருப்பைக் கழற்றினாள். "நோட்டைப் பாத்து முறையைக் கண்டுபிடிச்சீங்க, சரி. ஆனா எதுக்காகக் கழட்டுறாங்கன்னு நோட்டுல இல்லையே. அது உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு ராத்திரி பூரா யோசிச்சேன்."

ஆய்வாளர் எழுந்தார். உள்ளே போய் இன்னொரு தம்ளரைத் தேடினார். அது அலமாரியில் கடைசித் தட்டில், தூசி படிந்து இருந்தது.