இருபத்து நான்கு படகுகள்

தேவிப்பிரியாவின் வீட்டுக் கம்ப்யூட்டரில் படகு ஜம்மென்று ஓடியது. பள்ளிக்கூடக் கம்ப்யூட்டரில் அதே படகு அசைவேனா என்று நின்றது.

"மறுபடி அமுத்திப் பாரு," என்றாள் எழில்.

தேவிப்பிரியா அமுக்கினாள். கடல் வந்தது, கரை வந்தது. படகு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

ஏழாம் வகுப்புத் தோழிகள் இருவரும் பள்ளிக் கண்காட்சிக்காக ஸ்லைடுகள் செய்திருந்தார்கள். படகை வரைந்தவள் எழில். அவள் அப்பா மீன்பிடிக்கப் போகும் படகு அது, அச்சு அசலாக இருந்தது. அதை ஓட வைத்தவள் தேவிப்பிரியா. ஃபிளாப்பியில் போட்டுக் கொண்டுவந்தால் இப்படியா மானத்தை வாங்கும்?

"இது பழைய கம்ப்யூட்டர். படம் காட்டும், ஓட்டிக் காட்டாது," என்றார் ரெபேக்காள் டீச்சர். "நிற்கிற படகையே காட்டுங்க, போதும்."

எழிலின் கண் கலங்கிவிட்டது. "எங்கப்பா ராத்திரி பூரா கடல்ல இருந்துட்டு, தூங்காம வந்துகினு கீறாருடி. நம்ம படகு கம்ப்யூட்டர்ல ஓடுதுன்னு குப்பம் பூரா சொல்லி வச்சிருக்காரு."

தேவிப்பிரியா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். இன்னும் அரை மணி நேரம்தான் இருந்தது.

நிற்கிற படகைத்தானே இது காட்டும்? சரி, நிற்கட்டும். ஆனால் ஒவ்வொரு ஸ்லைடிலும் கொஞ்சம் தள்ளி நிற்கட்டும். அவள் அந்த ஸ்லைடை இன்னொரு பிரதி எடுத்து, படகை ஒரு விரற்கடை நகர்த்தினாள். பிறகு இன்னொன்று.

எழில் மூக்கை உறிஞ்சிக்கொண்டே எட்டிப் பார்த்தாள். "இது இன்னா ரயிலா, நேரா வர? அலை மேல ஏறி எறங்கித்தான் வரும்."

"அப்போ நீயே நகர்த்து."

எழில் மௌஸைப் பிடித்தாள். கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே. இருபத்து நான்கு ஸ்லைடுகள் ஆயின.

எழிலின் அப்பா சலவைச் சட்டையோடு வந்து, பெஞ்சு நுனியில் உட்கார்ந்தார். எழில் டக் டக்கென்று தட்டத் தட்ட, படகு அலை தாண்டி வந்தது.

"பாத்து, பாத்து," என்று முணுமுணுத்தார் அவர். படகு கரையை நெருங்கியதும், இழுத்துப் போடுவதற்கு எழுந்தே விட்டார். வகுப்பே சிரித்தது. அவரும் வெட்கப்பட்டுச் சிரித்தார்.

"எழிலு, இன்னொரு தபா வுடும்மா."

தேவிப்பிரியா தன் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினாள். "நீங்களே ஓட்டுங்க அங்கிள். இந்த பட்டனைத் தட்டினா போதும்."

அவர் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, ஒற்றை விரலால் மெல்லத் தட்டித் தட்டி, தன் படகைத் தானே கரை சேர்த்தார்.