புயல் கொண்டுவந்த புகார்

பல் டாக்டரின் நாற்காலியில் ஒரு பெரியவர் வாயைப் பிளந்துகொண்டு படுத்திருந்தபோது கிளினிக்கின் கண்ணாடிக் கதவு படாரென்று திறந்தது. விளையாட்டு உடையில் ஒரு பெண் மூச்சிரைக்க உள்ளே பாய்ந்தாள்.

"நடுவரம்மா எங்கே?"

முன்னறை மேஜையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த டாக்டரின் மனைவி கண்ணாடியைக் கழற்றினார். டேபிள் டென்னிஸ் போட்டிகளுக்குப் பல வருடங்கள் நடுவராக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகு, காணாமல் போன பொருள், கையெழுத்தில்லாத மிரட்டல் என்று எதுவானாலும் அந்த வட்டாரத்தில் அவரிடம்தான் வந்து நிற்பார்கள். பந்து மேஜை விளிம்பில் பட்டதா இல்லையா என்று பார்த்துப் பழகிய கண் அது. சுலபத்தில் ஏமாறாது.

"நான்தான். உக்காரும்மா."

"உக்கார நேரமில்லைங்க. எதிர்ல ஸ்டேடியத்துல அஞ்சு மணிக்கு ஃபைனல். சுவரோட பேட்டை இப்பத்தான் யாரோ எடுத்துட்டாங்க. நீங்க கண்டுபிடிச்சுத் தரணும்."

சுவர் என்பது ஓர் ஆட்டக்காரியின் பட்டப்பெயர். எத்தனை வேகமாக அடித்தாலும் பந்தைத் திருப்பி அனுப்பிவிடுவாள் என்பதால் வந்த பெயர்.

உள்ளேயிருந்து டாக்டர் எட்டிப் பார்த்தார். துப்பறிவது என்றால் அவருக்கு உயிர். "நீ அவளோட ஃப்ரெண்டாம்மா?"

"இல்லைங்க. ஃபைனல்ல அவளோட மோதப்போறதே நான்தான். புயல்னு கூப்பிடுவாங்க."

டாக்டரின் புருவம் மேலே போயிற்று. நடுவரம்மா அமைதியாகக் கேட்டார். "அவ பேட் இல்லாம திண்டாடினா உனக்கு நல்லதுதானே? ஜெயிக்கறவளுக்குத்தான் நாட்டு அணியில இடம்னு பேப்பர்ல போட்டிருக்கே."

"எல்லாரும் அப்படித்தான் என்னை முறைச்சுப் பார்க்கறாங்க! அது போகட்டும். ரெண்டு வருஷமா அவகிட்ட தோத்துக்கிட்டே இருக்கேன். இன்னிக்கு அவளை ஜெயிச்சே ஆகணும். ஆனா இரவல் பேட்டோட வர்றவளை ஜெயிச்சா அது ஒரு ஜெயமா? எனக்கு முழுசா அவ வேணும்."

நடுவரம்மா எழுந்து செருப்பை மாட்டினார். டாக்டர் பெரியவரின் வாயில் பஞ்சைத் திணித்து, "கெட்டியாக் கடிச்சுக்கிட்டு இருங்க, இதோ வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு, வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் பின்னால் ஓடினார். தெருவைக் கடக்கும்போது மனைவியின் காதில் கிசுகிசுத்தார். "புகார் குடுக்க வந்தவளேதான் திருடி. நான் சொல்றதைக் குறிச்சு வச்சுக்கோ."

"வச்சுக்கறேன் டாக்டரே. தெருவைப் பார்த்து நடங்க."

பயிற்சி அறையில் ஒரே ஒரு மேஜை. ஓரமாக மர பெஞ்சு, மேஜைக்குப் பக்கத்தில் உயரமான ஒரு பிளாஸ்டிக் கூடை நிறைய வெள்ளைப் பந்துகள். பெஞ்சில் சுவர் முகம் வெளுத்து உட்கார்ந்திருந்தாள். அவள் தோளை அணைத்தபடி இருந்தவள் அவளுடைய தோழி. அரையிறுதியில் சுவரிடம் தோற்றவள். சுவர் விலகினால் ஃபைனலில் ஆடும் வாய்ப்பு அவளுக்குத்தான். கூடையை ஒட்டி நின்றவன் சுவரின் அண்ணன். சின்ன வயதிலிருந்து அவளுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்தவன் அவன்தான்.

"என்ன நடந்துச்சு, முதல்லேருந்து சொல்லு" என்றார் நடுவரம்மா.

"பயிற்சி முடிச்சு பேட்டைத் துடைச்சு உறையில வச்சேங்க. ரப்பர் ஈரமா இருந்ததால மேல ஒட்டற பிளாஸ்டிக் தாளை ஒட்டலை. தாள் ரெண்டும் உறையோட சின்னப் பையில இருந்துச்சு. முகம் கழுவிட்டு வந்தேன். உறை இருக்கு, பேட்டைக் காணோம்."

"நீ போனப்ப இங்கே யார் இருந்தாங்க?"

"இவங்க மூணு பேரும்தான். உள்ளேயும் வெளியேயும் போய் வந்துக்கிட்டு இருந்தாங்க."

நடுவரம்மா உறையைக் கையில் எடுத்தார். ஜிப் ஒழுங்காக மூடியிருந்தது. திறந்து பார்த்தார். சின்னப் பையும் காலி. "தாளையும் காணோமே" என்றார். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அண்ணன் முன்னால் வந்து ஒரு பேட்டை நீட்டினான். "மேடம், தேடறதுக்கெல்லாம் நேரமில்லை. நல்லவேளை, இவளோட பழைய பேட் என் பையில இருந்துச்சு. பேட் காணோம்னு இவ கத்தினதும் உடனே புது ரப்பர் ஒட்டித் தயார் பண்ணிட்டேன். இதுல ஆடட்டும்."

டாக்டர் அதை வாங்கித் தடவிப் பார்த்தார். ஒரு பக்கம் வழவழப்பான ரப்பர், மறு பக்கம் முள்முள்ளான ரப்பர். ரப்பரின் விளிம்பு மரத்தின் ஓரத்தோடு ஒட்டிச் சீராக வெட்டப்பட்டிருந்தது. "ரொம்ப சுத்தமான வேலை" என்று மெச்சினார்.

"இது தடுத்து ஆடற பேட்" என்றாள் சுவர் மெல்லிய குரலில். "நான் அதை விட்டு ஆறு மாசமாச்சு. இப்ப நான் அடிச்சு ஆடறேன்."

நடுவரம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு யாரும் எதிர்பார்க்காத ஒன்றைச் சொன்னார். "சரி. நீங்க மூணு பேரும் ஒவ்வொருத்தரா எங்க டாக்டரோட அஞ்சு பாயிண்ட் ஆடுங்க."

"என்னோடயா?" டாக்டர் பதறினார். "எனக்கு பேட்டை எந்தப் பக்கம் பிடிக்கறதுன்னே தெரியாதே!"

"அதனாலதான்."

முதலில் புயல். டாக்டர் கண் இமைப்பதற்குள் பந்து அவரைத் தாண்டிப் போயிற்று. மறுபடி, மறுபடி. அவளிடம் இரக்கம் என்ற பேச்சே இல்லை. நான்காவது பந்தை டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு தட்டினார். அது மேஜையைத் தாண்டித் தரையில் விழுந்தது போலத்தான் தெரிந்தது. புயல் பல்லைக் கடித்தாள். ஆனால் கையைத் தூக்கினாள். "விளிம்புல பட்டுச்சு. உங்க பாயிண்ட்." அடுத்த பந்தை இன்னும் வேகமாக அடித்தாள்.

அடுத்து தோழி. சிரித்துக்கொண்டே ஆடினாள். ஒரு பந்தைத் தவறவிட்டபோது, "தரை வழுக்குது" என்றாள். இன்னொன்று தவறியபோது வெளிச்சம் கண்ணில் அடிப்பதாகச் சொன்னாள். டாக்டரின் அதிர்ஷ்டம், இன்னொரு பந்தும் விளிம்பை உரசியது. தோழி ஒரு நொடி நின்றாள். பிறகு பந்தைப் பொறுக்கிக்கொண்டு, "என் பாயிண்ட்" என்றாள். நடுவரம்மாவின் கண்கள் மட்டும் லேசாகச் சுருங்கின.

கடைசியில் அண்ணன். வலது கையை விட்டு வேண்டுமென்றே இடது கையால் ஆடினான். "கொஞ்சம் பின்னாடி நில்லுங்க டாக்டர். மணிக்கட்டை வளைக்காதீங்க. ஆங், அப்படித்தான்!" என்று சொல்லிச் சொல்லி ஆட வைத்தான். பந்து உருண்டு ஓடியபோதெல்லாம் கால்சட்டைப் பையிலிருந்து வேறொரு பந்தை எடுத்தான். பையில் பந்து தீர்ந்ததும், அறைக்கோடியில் கிடந்ததைக் குனிந்து பொறுக்கி வந்தான். முடிவில் டாக்டர் ஐந்தில் நான்கு பாயிண்ட் எடுத்து ஜெயித்தே விட்டார்!

டாக்டர் ஒரு துள்ளுத் துள்ளினார். மனைவியை ஓரமாக இழுத்துப் போனார். "பார்த்தியா என் ஆட்டத்தை? ஆளும் சிக்கிடுச்சு. அந்தத் தோழிதான். விளிம்புல பட்டதை மறைச்சா, நானே கேட்டேன் அந்தச் சத்தத்தை. பாயிண்ட் திருடறவ பேட்டைத் திருட மாட்டாளா?"

"நல்ல காதுதான். வாங்க, எல்லார் முன்னாலயும் பேசிடலாம்."

நடுவரம்மா மேஜையின் வலைக்குப் பக்கத்தில், போட்டிகளில் நிற்கும் அதே இடத்தில் நின்றுகொண்டார்.

"தோக்கற பயம் இருக்கும்போது ஒருத்தர் எப்படி நடந்துக்கறாங்கன்னு பார்த்தா, ஆளைப் பத்திப் பாதி தெரிஞ்சுடும். புயலுக்கு ஜெயிக்கணும்னு வெறி. எதிர்ல பேட் பிடிக்கத் தெரியாத டாக்டர் நின்னாலும் விட மாட்டா. ஆனா தனக்குச் சேராத ஒரு பாயிண்டை அவளால வச்சுக்க முடியாது. அவ இல்லை."

புயல் மூச்சை விட்டாள்.

நடுவரம்மா தோழியின் பக்கம் திரும்பினார். "நீ விளிம்புப் பந்தை மறைச்சே. உனக்கே தெரியும்." தோழியின் முகம் குப்பென்று சிவந்தது. "அது தப்பு. ஆனா நீ கைக்கு வந்ததைச் சத்தமில்லாம வச்சுக்கறவ. பேட்டை நீ எடுத்திருந்தா, ஜன்னல் வழியா வீசிட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி உக்கார்ந்திருப்பே. இந்த பேட்டை எடுத்தவங்க அதோட பிளாஸ்டிக் தாளையும் சேர்த்து எடுத்திருக்காங்க. எதுக்கு? ரப்பர் கெட்டுப்போகக் கூடாதுன்னு. உறையோட ஜிப்பையும் மூடி வச்சிருக்காங்க. பேட் மேல அக்கறை இருக்கற ஆள்."

டாக்டருக்கு வாய் திறந்தது திறந்தபடி நின்றது. "அப்படின்னா..."

"டாக்டரே, அந்தப் பழைய பேட்டை இன்னொரு தடவை தொட்டுப் பாருங்க. பல்லுக்கு ஒட்டற சிமெண்ட் பத்தி உங்களுக்குத் தெரியாததா?"

டாக்டர் பேட்டின் விளிம்பை நகத்தால் சுரண்டினார். அவர் முகம் மாறியது. "காய்ஞ்சிருக்கு. சுத்தமாக் காய்ஞ்சிருக்கு!"

"இதுக்குப் போடற பசை முதல்ல பால் மாதிரி வெள்ளையா இருக்கும். அது கண்ணாடி மாதிரி தெளியற வரைக்கும் காத்திருந்துதான் ரப்பரை ஒட்டணும். அப்புறம் விளிம்பை வெட்டணும். பேட் காணோம்னு தெரிஞ்சதும் புயல் ஒரே ஓட்டமா எங்கிட்ட வந்தா. நாங்க கையோட வந்துட்டோம். அதுக்குள்ள இந்த வேலை முடியாது. பேட் காணாமப் போறதுக்கு முன்னாலயே இது தயாரா இருந்திருக்கு. காணாமப் போகும்னு தெரிஞ்ச ஒருத்தர் தயார் பண்ணியிருக்கார்."

எல்லாக் கண்களும் அண்ணன் மேல் திரும்பின.

"என்ன உளர்றீங்க!" என்றான் அவன். "என் தங்கச்சி ஜெயிக்கணும்னு நினைக்கறவன் நான்!"

"அதுல எனக்குச் சந்தேகமே இல்லை தம்பி. நீங்க டாக்டரோட ஆடினதைப் பார்த்தேன். அவர் ஜெயிக்கலை, நீங்க ஜெயிக்க வச்சீங்க." டாக்டரின் தோள்கள் தொங்கிப்போயின. "எங்கே நிக்கணும், எப்படி அடிக்கணும், எத்தனை பாயிண்ட் எடுக்கணும், எல்லாம் உங்க முடிவு. ஜெயிக்கறது யாரா இருந்தாலும் அது உங்க ஜெயமா இருக்கணும். இன்னொண்ணும் கவனிச்சேன். ஒரு கூடை நிறையப் பந்து உங்க காலடியிலயே இருக்கு. ஆனா நீங்க அறைக்கோடி வரைக்கும் போய்ப் பொறுக்கினீங்க. கூடைக்குள்ள ஒரு தடவைகூடக் கையை விடலை."

டாக்டருக்கு அதற்கு மேல் பொறுமை இல்லை. ஒரே தாவலில் போய்க் கூடையைக் கவிழ்த்தார். பந்துகள் மழை போலக் கொட்டின; தரையெங்கும் துள்ளின, பெஞ்சுக்கு அடியில் ஓடின, புயலின் காலைச் சுற்றின. அத்தனை சத்தத்துக்கு நடுவில் 'டக்'கென்று ஒரு கனமான ஓசை. இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் தாள் பத்திரமாக ஒட்டப்பட்டிருந்த பேட், பந்துகளுக்கு மேல் கிடந்தது.

சுவர் அதை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அண்ணனைப் பார்த்தாள். கோபத்தைவிட ஆச்சரியம்தான் அந்தப் பார்வையில் அதிகம்.

"ஏண்ணா?"

"உனக்காகத்தான்டி!" என்றான் அவன். "அந்தப் பழைய பேட்டைப் பிடிச்சா உன் கை தானாப் பழைய ஆட்டத்துக்கு வந்துடும். தடுத்து ஆடினா இவளை நீ தூக்கத்துலகூட ஜெயிப்பே. அடிச்சு ஆடினா தோத்துடுவே. எத்தனை தடவை சொன்னேன், கேட்டியா? பதினஞ்சு வருஷமா நான் கட்டின ஆட்டம் அது!"

"அப்ப இன்னிக்கு ஃபைனல் ஆடப்போறது யாரு? நானா, நீயா?"

வெளியே ஒலிபெருக்கி இரண்டு ஆட்டக்காரிகளின் பெயரையும் அழைத்தது. புயல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "வர்றியா, இல்லை இங்கேயே பேசிக்கிட்டு நிக்கப்போறியா?" என்றாள். சுவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு தாளைப் பிய்த்தாள்.

அன்றைய ஃபைனலைப் பார்த்தவர்கள் இருக்கையில் உட்காரவில்லை. சுவருக்குப் பின்னால் பயிற்சியாளர் நாற்காலி காலியாக இருந்தது. அவளே அப்படிக் கேட்டுக்கொண்டாள். அண்ணன் மேல் வரிசையில், கூட்டத்தோடு கூட்டமாக நின்றான். புயல் அடித்தாள், சுவரும் அடித்தாள். பந்து எங்கே போகிறது என்று தெரியாமல் டாக்டர் தலையை இரண்டு பக்கமும் ஆட்டிக் கழுத்தைப் பிடித்துக்கொண்டார். ஆட்டம் கடைசி செட் வரை போயிற்று. ஒரு கட்டத்தில் சுவர் மேஜையை விட்டு வெகுதூரம் தள்ளப்பட்டு, அங்கிருந்து சுழன்று அடித்த பந்து புயலையே நிற்க வைத்தது. மேல் வரிசையில் முதலில் கை தட்டியவன் அண்ணன். அந்த அடியை அவன் சொல்லிக்கொடுத்ததில்லை.

கடைசிப் பந்தில் சுவர் முழு வேகத்தில் அடித்தாள். அது மேஜையைத் தாண்டிப் போயிற்று. புயல் அலறிக்கொண்டு மேஜையைச் சுற்றி ஓடிவந்து அவளைக் கட்டிப்பிடித்தாள். "ஜெயிச்சுட்டேன்! உன்னை ஜெயிச்சுட்டேன்! அடுத்த வருஷமும் இதே மாதிரி வந்து நில்லு!" யார் அழுகிறார்கள், யார் சிரிக்கிறார்கள் என்று சொல்ல முடியவில்லை.

"அந்தப் பொண்ணுக்கு பேட்டைத் தேடிக் குடுத்தோம். ஆனா தோத்துட்டாளே" என்று டாக்டர் வருத்தப்பட்டார்.

"அவ முகத்தைப் பார்த்துட்டுச் சொல்லுங்க" என்றார் நடுவரம்மா.

படிக்கட்டின் அடியில் அண்ணன் காத்திருந்தான். தங்கை வந்ததும் அவன் வாய் பழக்கத்தில் திறந்தது. "கடைசிப் பந்தைத் தடுத்திருந்தா..." சட்டென்று நிறுத்திக்கொண்டான்.

"ஜெயிச்சிருப்பேன். எனக்கும் தெரியும்" என்றாள் அவள். வியர்வை வழிந்த முகம் பளபளத்தது. "அடிக்கணும்னு தோணுச்சு, அடிச்சேன். வெளியே போயிடுச்சு. இது என் தோல்விண்ணா. இதுல நீ பங்கு கேட்காதே."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு மெதுவாகச் சொன்னான். "தூரத்துலேருந்து சுழன்று ஒண்ணு அடிச்சியே. அதை எங்கே கத்துக்கிட்டே?"

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"நாளைக்குக் காலையில வா. காட்டறேன்."