இரண்டு பேருக்கான பயணச்சீட்டு

ஹம்பேர்க்கில் ரயில் நிரம்பிவிட்டது. இருவர் அமரும் இருக்கையில் நடைவழிப் பக்கம் சந்திரகாந்தி உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள். ஜனவரி மாதம். நான்கு மணிக்கே வெளிச்சம் வற்றத் தொடங்கியிருந்தது.

வுப்பர்டாலிலிருந்து காலையில் புறப்பட்டிருந்தாள். நீபுல்லில் இறங்கி வேறு ரயில் மாற வேண்டும். டென்மார்க் எல்லைக்குச் சற்று முன்னால், டாகபுல் என்ற ஊரில், கடல் ஓரத்தில் தண்டவாளம் முடிகிறது. அங்கே இன்றைக்குத் துருவ ஒளி தெரியும் என்று கைபேசியில் போட்டிருந்தார்கள்.

முன்பொருமுறை அந்த ஒளி அவள் வீட்டுக்கு மேலேயே வந்தது. 2024 மே. தெருவே வெளியில் நின்றது. அவளும் செருப்பை மாட்டினாள். அவளுடைய கணவர் இரத்தினம் ஜன்னல் ஷட்டர்களை ஒவ்வொன்றாக இறக்கினார். அதில் பார்க்க ஒன்றும் இல்லை, படு என்றார். அவள் இருட்டில் படுத்தபடி அயலவர்களின் குரல்களைக் கேட்டாள்.

முப்பத்தொரு வருடங்கள் அப்படித்தான் போயின.

இரத்தினம் இறந்து எட்டு மாதம். ஆண்டுத் திவசம் முடியும்வரை அவள் எங்கும் போகக்கூடாது என்று அவருடைய ஆட்கள் சொல்லியிருந்தார்கள். அவள் யாரிடமும் கேட்கவில்லை. இன்று பாதியில் திரும்பினால் இனி ஒவ்வொரு முறையும் திரும்பிவிடுவாள். அது அவளுக்குத் தெரிந்திருந்தது.

ஒரு மணி நேரம் கழிந்தது. ஆட்கள் நின்றுகொண்டே வந்தார்கள். அவளுக்குப் பக்கத்து ஜன்னலோர இருக்கை மட்டும் காலியாக இருந்தது.

இந்த நாட்டில் காலி இடத்தைக் கண்டால் யாரும் இருக்கிறார்களா என்று கேட்டுவிட்டு உட்காருவார்கள். கனத்த பூட்ஸ் போட்ட பெண் ஒருத்தி கேட்க வாயெடுத்தாள். ஜன்னலோரம் பார்த்தாள். மன்னிப்புக் கேட்டுவிட்டு நகர்ந்தாள்.

பிறகு ஊன்றுகோலுடன் ஒரு கிழவர். அவரும் பார்த்தார். அவரும் நகர்ந்தார்.

பரிசோதகன் வந்தான். அவளுடைய கைபேசியில் இருந்த சீட்டின் மேல் கருவியைப் பிடித்தான். இரண்டு பெரியவர்கள், சரி என்றான். ஜன்னல் பக்கம் தலையசைத்துக் குரலைத் தாழ்த்தினான். எழுப்ப வேண்டாம், தூங்கட்டும் என்றான்.

அவள் சீட்டைப் பார்த்தாள். பயணிகள்: இரண்டு.

முதன்முதலாகத் தனக்கென்று எடுத்த சீட்டு. விரல் பழக்கத்தில் அவரையும் சேர்த்துவிட்டது. பழக்கத்தில் ஜன்னலையும் அவருக்கு விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறாள்.

காலி இருக்கையின் மெத்தை நடுவில் அமுங்கியிருந்தது.

இரத்தினம் பூசும் தைலத்தின் வாசனை அடித்தது. அதற்குக் கீழே இன்னொரு வாசனை, ஈரமான கம்பளியினுடையது போல. அவள் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள். இறந்தவர்களைத் துடைத்து உடை மாற்றுகிறவள். இறந்தவர்கள் என்றால் அவளுக்குப் பயமில்லை.

இரத்தினம் என்றால் பயம்.

கைபேசி அதிர்ந்தது. மகள் ஆதிரை. எங்கே, சாப்பிட்டீர்களா, கையுறை இருக்கிறதா என்று அடுக்கினாள். பிறகு நிறுத்தினாள்.

"ஆரம்மா பக்கத்தில இருமுறது?"

சந்திரகாந்திக்கு எதுவும் கேட்கவில்லை. சக்கரங்களின் சத்தம் மட்டும்தான்.

"ஒருத்தரும் இல்லை."

"அப்பான்ரை இருமல் மாதிரிக் கிடக்கு." ஆதிரையின் குரல் சிறுத்தது. "அம்மா, இறங்கித் திரும்பி வாங்கோ. நான் ஹம்பேர்க்குக்கு வாறன்."

"ஏலாது."

"அம்மா."

"ஏலாது பிள்ளை. வை."

நீபுல்லில் இறங்கியபோது முழு இருட்டு. எதிர் மேடையில் ஹம்பேர்க் போகும் ரயில் கதவுகள் திறந்து நின்றது. உள்ளே மஞ்சள் வெளிச்சமும் சூடும் இருந்தன. டாகபுல் ரயில் தள்ளி நின்றது. இரண்டே பெட்டிகள்.

அவளுடைய முழங்கைக்கு மேலே ஏதோ பிடித்தது.

தெருவைக் கடக்கும்போது இரத்தினம் அப்படித்தான் பிடிப்பார். எலும்பு நோகும்படி. பிடி அவளை மஞ்சள் வெளிச்சத்தின் பக்கம் திருப்பியது. அவளுடைய கால்கள் இரண்டு அடி வைத்தும்விட்டன.

மூன்றாவது அடியில் அவள் கையை உதறினாள். மேடையில் நின்ற ஒருவர் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும். அவள் நடந்து போய்ச் சின்ன ரயிலில் ஏறினாள்.

பெட்டியில் வேறு யாரும் இல்லை. வலப்பக்கம் வடக்கு. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. முகத்துக்குப் பின்னால் வயல்களும், தொலைவில் காற்றாலைகளின் சிவப்பு விளக்குகளும்.

ரயில் நகர்ந்தது.

ஜன்னலின் சுருள்திரை மெல்ல இறங்கத் தொடங்கியது.

அவள் மேலே தள்ளினாள். அது மறுபடி இறங்கியது. உள்ளங்கையை அதன் விளிம்பின் கீழே கொடுத்துத் தாங்கினாள். துணிதான். ஆனால் ஒரு மனிதன் தொங்கும் கனம் இருந்தது.

பக்கத்து இருக்கை அமுங்கியது.

அவள் திரும்பவில்லை. விரல்கள் விறைத்தன. இடது காதோரம் குளிர்ந்த மூச்சு.

"வீட்டை போவம்."

அவருடைய குரல். கோபமில்லாத குரல். கோபமில்லாதபோதுதான் அவள் அதிகம் பயந்திருக்கிறாள்.

இரண்டாவது கையையும் கொடுத்தாள்.

"நீங்கள் போங்கோ" என்றாள். "உங்களுக்கும் ரிக்கட் கிடக்கு. திரும்பிப் போகவும் செல்லும்."

மூச்சு நின்றது.

"நான் பார்க்கப் போறன்."

திரை விளிம்பு உள்ளங்கையில் வெட்டியது. ரயில் ஒரு தரிப்பில் நின்றது. யாரும் ஏறவில்லை, யாரும் இறங்கவில்லை. மீண்டும் புறப்பட்டது. அவள் கைகளை எடுக்கவில்லை. கடைசி நிலையம்வரை எடுக்கவில்லை.

டாகபுல். பயணிகளில் அவள் ஒருத்திதான் இறங்கினாள். உப்பும் சேறும் மணத்தன. மேற்கிலிருந்து கடற்காற்று ஆளைத் தள்ளியது. படிகளில் ஏறி அணைக்கரையின் மேல் வந்தாள். உள்ளங்கைகளில் சிவப்புக் கோடுகள்.

வடக்குப் பார்த்து நின்றாள்.

முதலில் சாம்பல் நிறம் மட்டும். மேகம் என்றே நினைத்தாள். பிறகு அது பச்சையாகிக் கீழ்வானம் முழுக்க நீண்டது. அதிலிருந்து தூண் தூணாக எழுந்து, உச்சியில் சிவந்து அசைந்தது. சத்தமே இல்லை.

அவள் அழவில்லை. வாயைத் திறந்தபடி பார்த்தாள். காற்று தொண்டைவரை புகுந்தது.

அப்போது இடப்பக்கம் காற்று நின்றது.

வலப்பக்கப் புற்கள் படுத்துக் கிடந்தன. வலப்பக்கம் பறந்துகொண்டிருந்த சால்வை அப்படியே தொங்கியது. ஒரு ஆள் அகலத்துக்கு, ஒரு ஆள் உயரத்துக்கு, யாரோ மிக அருகில் வந்து நின்று மறைப்பதுபோல.

அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. வானத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அணைக்கரை வடக்கே நீண்டு கிடந்தது. அவள் ஓர் அடி முன்னே வைத்தாள். காற்று முகத்தில் அறைந்தது. நன்றாக இருந்தது.

சிறிது நேரம் சென்றது.

இடப்பக்கம் காற்று மறுபடி நின்றது.

அவள் அடுத்த அடியை வைத்தாள்.