குப்புறக் கிடந்த மூன்று பொட்டலங்கள்

இறக்குமதியாளர் காலையிலேயே அண்ணி வீட்டில் வந்து உட்கார்ந்துவிட்டார். அவர் கப்பலில் தருவித்த ஒரு கன்டெய்னர் இறைச்சி வழியில் உருகி மறுபடி உறைந்திருக்கிறது, கிருமி இருக்கிறது என்று பரிசோதனைக்கூடம் எழுதிவிட்டது. அனுப்பிய நாடு அதைப் பொய் என்றது. இந்த நாடோ இனி அங்கிருந்து இறைச்சியே வேண்டாம் என்றது. மாலை ஐந்து மணிக்குச் சரக்கை எரித்துவிடுவார்கள். அதோடு அவருடைய உரிமமும் போகும்.

அண்ணி நிதானமாகக் கேட்டுக்கொண்டாள். இருபது வருடம் இறைச்சி ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவள். துள்ளியதெல்லாம் பக்கத்திலிருந்த கொழுந்தன்தான்: போட்டி வியாபாரி, லஞ்சம், சதி. அவனுக்குக் காபி ஆறிப்போனாலும் சதிதான்.

மூவரும் பரிசோதனைக்கூடத்துக்குப் போனார்கள். அங்கிருந்த அதிகாரி, சோதித்த மூன்று மாதிரிப் பொட்டலங்களை எடுத்துவைத்தார். கன்டெய்னரைத் திறந்தபோது எடுத்த படத்தில், எல்லாப் பொட்டலங்களும் லேபிள் மேலே தெரிய அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றின் எண்ணும் அடிப்பக்கம் அச்சாகியிருந்தது. பதிவேட்டில் முதல் எண் நீல மையிலும் மற்ற இரண்டும் கறுப்பிலும் இருந்தன.

"திருத்தியிருக்காங்க அண்ணி" என்று கொழுந்தன் காதைக் கடித்தான்.

அண்ணி பொட்டலங்களைத் திருப்பிப் பார்த்தாள். மூன்றிலும் லேபிளுக்கு உள்பக்கம் சிவப்பு ஐஸ் தகடாகப் படிந்திருந்தது.

"உருகின தண்ணி எங்க சேரும் தம்பி?"

"அடியில."

"கன்டெய்னர்ல லேபிள் மேல இருந்துச்சு. அங்க உருகியிருந்தா ஐஸ் எதிர்ப்பக்கம்ல இருக்கணும்? இது குப்புறக் கிடந்தப்ப உருகியிருக்கு. குப்புறப் போட்டாத்தான் எண்ணைப் பாத்து எழுத முடியும். ஒரு எண்ணை எழுதினவர் பாதியில எழுந்து போயிருக்கார். திரும்பி வந்து வேற பேனாவுல முடிச்சிருக்கார்."

எல்லாரும் அந்தப் பதிவேட்டை எழுதும் பதிவெழுத்தரைப் பார்த்தார்கள். அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"பொண்ணு ஸ்கூல் மாடிப்படியில விழுந்துட்டாள்னு போன் வந்துச்சு. போட்டது போட்டபடி ஓடிட்டேன். நாலு மணி நேரம் கழிச்சு வந்து அப்படியே ஃப்ரீசர்ல வச்சேன். அதைத்தான் எடுத்துச் சோதிச்சிருக்காங்க. அதுக்குள்ள ரெண்டு நாடும் சண்டை போட ஆரம்பிச்சிருச்சு. நான் யார்கிட்ட போய்ச் சொல்றது?"

அதிகாரி கன்டெய்னரிலிருந்து புதிதாக ஒரு பொட்டலம் வரவழைத்தார். எந்தப் பக்கமும் சிவப்பு ஐஸ் இல்லை. எரிக்கும் உத்தரவை நிறுத்தி, புது மாதிரிகளைப் பரிசோதிக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். சதி இல்லாமல் போனதில் கொழுந்தனுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

இறக்குமதியாளர் எழுந்து பதிவெழுத்தர் முன்னால் போய் நின்றார். ஒரு வாரமாகத் தூங்காத கண்கள். அடித்துவிடுவாரோ என்று அதிகாரி பயந்து குறுக்கே வந்தார்.

"பொண்ணு இப்ப எப்படி இருக்கா?" என்று கேட்டார் இறக்குமதியாளர்.

அதுவரை அழாமல் இருந்த பதிவெழுத்தர் அப்போதுதான் அழுதார்.