பிறர்கை

நசுங்கிய விரலுக்குத் தையல் போடுவதற்கு முன்னால் அதைக் காயமானியில் வைத்துப் பார்த்தாக வேண்டும். அதுதான் சட்டம். நான்கு வயது ரஞ்சனி அழுது ஓய்ந்து விக்கிக்கொண்டிருந்தாள். கருவியின் வளையம் அவள் சுண்டுவிரலைச் சுற்றிச் சுழன்று நின்றது. திரையில் ஒரே சொல் எழுந்தது: பிறர்கை.

“நான் கதவைச் சாத்தும்போது இவ கை வச்சிருந்ததைப் பார்க்கல டாக்டர்,” என்றாள் குழந்தையின் தாய் பவானி. “நானே நசுக்குவேனா? பெத்தவ!”

டாக்டர் சுகிர்தா அறிக்கையில் கையெழுத்துப் போட்டாள். மதியத்துக்குள் ரஞ்சனியைக் காப்பகத்து வண்டி கூட்டிக்கொண்டு போய்விட்டது. பவானியின் ஓலம் வாசல்வரை கேட்டது. பெற்றவர்கள் இப்படி அழுவதை சுகிர்தா நிறையப் பார்த்திருந்தாள். அழுதவர்களில் பாதிப் பேர் பொய்யர்கள் என்பது அவள் எண்ணம்.

அவளுக்கு அந்தக் கருவி ராணுவத்தில் டாக்டராக இருந்தபோது அறிமுகமானது. ஊருக்குத் திரும்புவதற்காகத் தன் காலில் தானே சுட்டுக்கொள்ளும் சிப்பாய்களைக் கண்டுபிடிக்கத்தான் அதைச் செய்தார்கள். தானே சுட்டுக்கொள்பவனின் தசை இறுகும், ஆனால் விலகாது. அடுத்தவன் தாக்க வருவது தெரிந்தால் அடி விழுவதற்கு முன்பே விலகப் பார்க்கும். எதிர்பாராத விபத்தென்றால் பட்ட பிறகுதான் துடிக்கும். அந்தத் தடம் சில மணி நேரம் தசைக்குள் தங்கியிருக்கும். அதைப் படித்துக் காயமானி தன்கை, பிறர்கை, தற்செயல் என்று மூன்றில் ஒன்றைச் சொல்லும். எதிரி சுட்டுவிட்டான் என்று சாதித்த ஒரு சிப்பாயின் காயத்தை அது ‘தன்கை’ என்றது. அன்று மாலையே அவன் சுகிர்தாவின் முன்னால் அழுது ஒப்புக்கொண்டான். அதற்குப் பிறகு அவளுக்குக் கருவியின்மேல் சந்தேகம் வந்ததே இல்லை. மனிதர்கள்மேல்தான் வந்தது.

பாசறையிலிருந்து காயமானி மருத்துவமனைகளுக்கு வந்தது. ஊசி போட்ட இடம் வீங்கினால்கூட நோயாளிகள் அதில் வைத்துப் பார்க்கச் சொன்னார்கள். பிறகு ஆலைகளுக்கும் பள்ளிகளுக்கும் போனது. சலூனில் கழுத்தைக் கொடுத்து உட்கார்ந்தவர் கண்ணாடியில் கத்தியையே முறைத்துக்கொண்டிருந்தார். ‘எதிரில் இருப்பவர் கையைக் கவனி’ என்று சிறுபிள்ளைகளுக்குப் பாடமே வந்துவிட்டது.

இந்த வருடம் ‘தற்செயல்’ என்ற சொல் திரையில் வருவதே அரிதாகிவிட்டது. “முன்னெல்லாம் மறைச்சாங்க, இப்ப மாட்டிக்கிறாங்க,” என்று மருத்துவமனைக் கண்காணிப்பாளர் ஆளவந்தார் பூரித்தார். சுகிர்தாவும் அப்படித்தான் நம்பினாள். வீட்டில் கணவன் தயாபரன் காய் நறுக்கினால் அவள் கண் கத்தியின் மேலேயே இருந்தது. அவன் பாலிடெக்னிக்கில் பாடம் எடுப்பவன். எதையாவது கீழே போட்டுவிட்டுத் தானே சிரித்துக்கொள்ளும் ஆள். அவனிடம் என்ன சந்தேகம் என்று கேட்டிருந்தால் அவளுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் சோறு வடித்துக்கொண்டிருந்தான். மூடி நழுவி, கொதிக்கும் கஞ்சி அவளுடைய இடக்கையில் கொட்டியது. பதறிப்போய் அவனே அவளை மருத்துவமனைக்கு அழைத்து வந்தான்.

காயமானி ‘பிறர்கை’ என்றது.

நர்ஸ் லூர்து திரையையும் தயாபரனையும் மாறி மாறிப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் எஸ்.ஐ. கஸ்தூரி வந்து சேர்ந்தாள்.

“சார் வேணும்னே ஊத்தினாரா மேடம்?”

“இல்லம்மா. மூடி நழுவிடுச்சு. நான் பக்கத்துலதான் நின்னேன்.”

“பயப்படாம சொல்லுங்க. அவரை வெளியில உக்கார வச்சிருக்கோம்.”

“எனக்கென்ன பயம்? நான்தான் சொல்றேனே!”

“எல்லாரும் முதல்ல இப்படித்தான் சொல்றாங்க மேடம்,” என்றாள் கஸ்தூரி கனிவாக.

சுகிர்தா எரிச்சலோடு எரிச்சலாக எழுந்துபோய்க் கருவியின் உள்பதிவைத் திறந்தாள். அவள் தசை கஞ்சி கொட்டிய பிறகு துடித்திருக்கவில்லை. மூடி நழுவுவதற்கும் முன்பே சுருங்கியிருந்தது. தயாபரன் பானையோடு அவள் பக்கம் திரும்பினான், அவ்வளவுதான். அதற்கே அவள் உடம்பு ஒதுங்கிவிட்டது.

கருவியில் பழுதில்லை. அடித்த கையை அது என்றைக்கும் பார்த்ததில்லை, பயத்தை மட்டுமே அளந்தது. அந்தப் பயத்தை ஊர் முழுக்க விதைத்ததும் அதுவேதான். கதவருகே வந்த தாயைப் பார்த்து ரஞ்சனியின் விரல் ஏன் சுருங்கியது என்பது சுகிர்தாவுக்கு இப்போது விளங்கியது.

கட்டுப்போட்ட கையோடு ஆளவந்தாரின் அறைக்குப் போனாள்.

“அந்தக் குழந்தையை அம்மாகிட்டயே அனுப்பிடுங்க சார். நான் கையெழுத்தை வாபஸ் வாங்கிக்கிறேன். நாம நெனச்சதைக் கருவி அளக்கல.”

“உங்க வீட்டுக்காரரை விசாரிச்சிட்டிருக்காங்க டாக்டர். இந்த நேரத்துல நீங்க கருவியைக் குறை சொன்னா நாலு பேர் என்ன நினைப்பாங்க?”

அவள் விளக்கிச் சொல்ல மேசையருகே நெருங்கினாள். அவர் தன் நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிக்கொண்டார்.

அதன்பின் அவள் நீதிமன்றத்துக்குப் போனாள். பவானிக்காக ஒரு மனு, தயாபரனுக்காக ஒன்று. தயாபரனை மட்டும் அவளுடைய பொறுப்பில் வீட்டுக்கு விட்டார்கள். பவானி தினமும் காப்பகத்துக் கம்பிக் கதவுக்கு வெளியே நின்று மகளைப் பார்த்துவிட்டுப் போனாள்.

வீடு வந்த அன்று தயாபரன் மருந்தையும் பஞ்சையும் எடுத்துவந்து அவள் எதிரில் உட்கார்ந்தான். முகம் வாடியிருந்தது.

“என்னை நம்புறியா சுகி?”

“நம்பாமயா கோர்ட்டுக்குப் போனேன்?”

“சரி, கையைக் காட்டு. கட்டு மாத்தணும்.”

அவள் கையை நீட்டினாள். அவன் விரல் நெருங்கும் முன்பே அது தானாக மார்போடு வந்து ஒட்டிக்கொண்டது.

“எரியுதுங்க,” என்றாள்.

“நான் இன்னும் தொடவே இல்லையே,” என்றான் அவன்.

அவள் வலக்கையால் இடக்கையின் மணிக்கட்டை இறுகப் பிடித்து, அது ஓடிவிடாதபடி மறுபடியும் அவன் முன் நீட்டினாள்.