நல்ல கலர்

நேசபாயின் முகம் நன்றாக இருந்தது. அதுதான் ஜெஸ்பினுக்குப் பிடிக்கவில்லை. கைகளில் வெள்ளை உறையும் நெஞ்சின்மேல் பைபிளுமாகப் பெட்டிக்குள் கிடந்த அந்த அம்மாளின் கன்னத்தில் இளஞ்சிவப்பு ஓடியது. பெட்டியைச் சுற்றி நின்று அழுத பிள்ளைகளும் மருமக்களும் சாம்பல் பூத்து, உதடு நீலம் பாரித்து நின்றார்கள். வெளியே மார்த்தாண்டத்து மழை தகரக் கூரையில் விடாமல் அடித்துக்கொண்டிருக்க, வீட்டை ஒட்டிய சாய்ப்பில் தொங்கிய ரப்பர் ஷீட்டுகளின் புளித்த வாடை ஜன்னல் வழியாக ஏறி அவனுடைய சின்ன எடிட்டிங் அறை முழுக்க நிறைந்திருந்தது.

அடக்க வீடியோவில் இறந்தவர் முகத்துக்குக் கொஞ்சம் சிவப்பு ஏற்றுவது இந்தப் பக்கம் வழக்கம்தான். லீவு கிடைக்காமல் துபாயில் மாட்டிக்கொண்ட மகன் பார்க்கும்போது, அம்மா தூங்குவது மாதிரி இருக்க வேண்டுமே. ஆனால் ஜெஸ்பின் இன்னும் கலரில் கையே வைக்கவில்லை.

"சவம், வாங்கின அன்னைக்கே மக்கர் பண்ணுதே" என்று மானிட்டரின் தலையில் ஒரு தட்டுத் தட்டினான்.

இதற்கு முன்பிருந்த பழைய டியூப் மானிட்டர் அவன் மானத்தை வாங்கியிருந்தது. அதை நம்பிக் கலர் சரிசெய்து கொடுத்த கல்யாண டிவிடியை, "எங்க பிள்ளைக்கு என்ன, மஞ்சக்காமாலையா?" என்று கேட்டுத் திருப்பி எறிந்துவிட்டுப் போனார்கள். நாகர்கோவிலில் கடை கடையாக ஏறி இறங்கினான். விலை குறைந்ததில் தலையை உயர்த்தினால் முகம் வெளுத்தது, குனிந்தால் கறுத்தது. எடிட்டிங்குக்கு ஏற்ற நல்ல திரையின் விலையைக் கேட்டதும் பஸ் ஏறிவிட்டான். கடைசியில்தான் களியக்காவிளை ஆன்ட்ரூஸ் ஸ்டுடியோவை மூடுகிறான் என்று கேள்விப்பட்டுப் போனான்.

"கலர்ல இத அடிச்சுக்க ஆளில்ல மக்கா. அடக்க வீடியோ எல்லாம் இதுலதான் பண்ணுவேன்" என்றான் ஆன்ட்ரூஸ். ஜெஸ்பின் இடமும் வலமும் நகர்ந்து, குனிந்து, நிமிர்ந்து பார்த்தான். நிறம் அசையவில்லை; வாங்கிவிட்டான். நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஸ்டுடியோவை ஏன் மூடுகிறாய் என்று மட்டும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

நேசபாயின் அடக்கத்தை டிவிடியில் ஏற்றி வீட்டு டிவியில் போட்டான். அங்கே எல்லாம் முறையாக இருந்தது: பிள்ளைகள் மாநிறம், அம்மாள் வெளிறிப்போயிருந்தாள். அப்படியானால் கோளாறு மானிட்டரில்தான். கேபிளை மாற்றினான், செட்டிங் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக வைத்தான். ஒன்றும் மாறவில்லை.

அடுத்து எடுத்தது ஒரு கல்யாணம். மணப்பெண் சாம்பல், மாப்பிள்ளை சாம்பல், பந்தியில் இருந்த அத்தனை பேரும் சாம்பல். ஒரே ஒருவர் மட்டும் மினுமினுவென்று உட்கார்ந்து, பாயசத்தில் பப்படத்தை நொறுக்கிப் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். பெண்ணின் மாமா குமாரதாஸ். அங்கே லைட் நன்றாக விழுந்திருக்கும் என்று நினைத்தான். ஆனால் சர்ச் வாசல் வெயிலிலும், பந்தல் நிழலிலும், அந்த மனிதர் முகத்தில் மட்டும் அதே ரத்த ஓட்டம்.

மறுநாள் பெண்ணின் அப்பா போனில் கூப்பிட்டார்.

"ஜெஸ்பினு, குமாரதாஸ் வாற எடம் ஒண்ணையும் வெட்டிராதப்போ. இன்னைக்கு வெளுப்பாங்காலத்து இருட்டோட ரப்பர் வெட்டப் போன எடத்துல நெஞ்சுவலி வந்து... போய்ட்டாரு. அடக்கத்துக்கும் நீதான் கேமரா கொண்டு வரணும்."

போனைக் காதிலிருந்து எடுக்காமலே திரையைப் பார்த்தான். நிறுத்தி வைத்திருந்த படத்தில் குமாரதாஸ் சிரித்துக்கொண்டிருந்தார். நல்ல கலர்.

அப்போதுதான் அவன் மனைவி லிஜி கட்டன் சாயாவோடு உள்ளே வந்தாள். எட்டு மாதம். முன்னால் இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே போய், இது தங்குமா தங்காதா என்று அவன் ஒவ்வொரு நாளும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கழித்த எட்டு மாதம். அவளுடைய மூச்சு, நடை, தூக்கத்தில் முனகுவது எல்லாவற்றையும் காதுகொடுத்துக் கேட்டே பழகியிருந்தான்.

"அங்கனயே நில்லு" என்றான். மானிட்டருக்குப் பக்கத்தில் கேமராவை வைத்துக் கேபிளைச் சொருகினான். இரண்டு தடவை தவறியது.

திரையில் லிஜி வந்தாள். சாம்பலாக. உதடு நீலமாக.

"ஆண்டவரே, ஸ்தோத்திரம்" என்று வாய்விட்டுச் சொன்னான். அழுகை வந்துவிட்டது. அவளை அவ்வளவு அழகாக அவன் பார்த்ததே இல்லை.

"அய்யே, இதென்ன கோலம்! பிரேதம் மாதிரில்லா இருக்கேன்" என்று லிஜி முகத்தைச் சுளித்தாள். "சவத்தத் தூக்கித் தூர எறியுங்க."

எறியவில்லை. எறிந்தால் எப்படித் தெரிந்துகொள்வது? அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் அவளைக் கேமராவின் முன்னால் நிறுத்திப் பார்ப்பான். சாம்பல் என்றால்தான் சோறு இறங்கும். "ஒங்களுக்குக் கிறுக்குத்தான்" என்று சிரித்துக்கொண்டே அவளும் வந்து நிற்பாள்.

அன்றும் மழை. மின்சாரம் போய் யுபிஎஸ் பீப் பீப்பென்று கத்திக்கொண்டிருந்தது. மாதம் நிறைந்து, நாளைக் காலையில் லிஜியைப் பிரசவத்துக்கு நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். ஜெஸ்பின் அடுக்களையில் அவளுக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தான். ஆவியில் சுக்கு மணமும் அதற்கு மேலே ரப்பர் வாடையும். எடிட்டிங் அறையிலிருந்து சேலை உரசும் சத்தம். கேமராவைத் திறக்கும் கிளிக்.

பிறகு அவள் குரல். சந்தோஷமான குரல்.

"கேட்டியளா! ஓடி வாங்க! மானிட்டர் சரியாச்சு!"

கரண்டி கையிலிருந்து விழுந்தது.

நடை இருட்டாக இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு போனான். பீப். பீப். கதவிடுக்கில் திரையின் வெளிச்சம். தள்ளினான்.

லிஜி கேமராவைப் பார்த்து நின்றிருந்தாள். இரண்டு கையும் வயிற்றின் மேல். திரையில் அவள் கன்னம் சிவந்திருந்தது. உதடு சிவந்திருந்தது. வயிற்றை அணைத்த விரல்கள்கூட.

"என்ன கலர் பாத்தியளா!" என்று திரும்பாமலே சிரித்தாள். "இப்பம்தான் நான் நானா இருக்கேன்."

அவள் தோளுக்குப் பின்னால், அதே திரையில், கதவைப் பிடித்தபடி ஒருவன் நின்றான். சாம்பல் முகம். நீல உதடு. வாய் திறந்திருந்தது.