ஒரு சாண் கேட்கும் மைக்

"வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண். அதுக்கு அங்கிட்டு என்ன நடந்தாலும் இதுக்குக் காது கேக்காது அண்ணாச்சி" என்று கடைக்காரர் குமரவேல் கையை விரித்து அளந்து காட்டினார்.

சுடலைமணி மைக்கை உருட்டிப் பார்த்தார். "கதவ யாராவது தட்டுனா?"

"பைய தட்டுனா விழாது. உங்க பழைய கண்டென்சர் மைக்குதான் தெருவுல போற சைக்கிளக்கூட விடாது. வீட்டுல பாடுததுக்கு இந்த டைனமிக்தான் தோது."

அந்த ஒரு பதிலுக்காகத்தான் அவர் கடையேறியிருந்தார். அதை வாங்கிக்கொண்டு பாளையங்கோட்டை வீட்டுக்கு வந்து பூட்டைத் திறந்தார். பத்து மாதம் கோயம்புத்தூரில் மகள் நித்யாவோடு இருந்துவிட்டு முந்தாநாள்தான் திரும்பியிருந்தார். "அம்மா போனதுல இருந்து நீங்க பாடவே இல்ல. பாடுங்கப்பா, மனசு ஆறும்" என்று அவள்தான் பிடித்துத் தள்ளி அனுப்பியிருந்தாள்.

சுடலைமணிக்குப் பாட்டென்றால் உயிர். குரல் சுமார்தான், ஆசை மட்டும் ஏகத்துக்கு. அவர் பதிவு செய்யும்போது மின்விசிறி சுற்றக் கூடாது, மிக்சி ஓடக் கூடாது. படுக்கையறைக் கதவின் கைப்பிடியில் சிவப்புத் துண்டு தொங்கினால் மனைவி பொன்செல்வி இருமக்கூடக் கூடாது. அவளுக்கோ வீசிங். இருமல் முட்டினால் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடுவாள்.

போன வருஷம் ஒரு மத்தியானம் அப்படித்தான் துண்டு தொங்கியது. இரண்டாவது சரணத்தில் கதவு தட்டும் சத்தம் கேட்டது. இரண்டே தட்டு, அதுவும் பைய. மனுஷன் எரிச்சலை அடக்கிக்கொண்டு பாடி முடித்தார். கணினியில் அந்த இரண்டு தட்டையும் தேடிப் பிடித்து அழித்தார். பாட்டைப் போனில் பாட்டு ஆப்பில் ஏற்றினார். அப்புறம்தான் கதவைத் திறந்தார்.

பொன்செல்வி கதவடியில் சரிந்து கிடந்தாள். அவளுடைய இன்ஹேலர் அவர் பாடிக்கொண்டிருந்த அறைக்குள், அவர் முதுகுக்குப் பின்னால், அலமாரியில் இருந்தது.

ஊரிடமும் மகளிடமும் தூக்கத்திலேயே போய்விட்டாள் என்றார். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அந்தச் சிவப்புத் துண்டைக் குறுக்குத்துறையில் ஆற்றோடு விட்டார். அது கண்ணுக்கு மறையும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் படியேறினார்.

இப்போது அதே அறை. எதிரொலி அடங்குவதற்காகச் சுவரில் போர்வைகளைக் கட்டினார். அவை போதவில்லை. பீரோவைத் திறந்து அவள் சேலைகளை எடுத்து ஆணிகளில் தொங்கவிட்டார். பாச்சை உருண்டை வாசனைக்குள்ளிருந்து அவள் நெஞ்சில் தடவும் தைலத்தின் வாசனை எழும்பியது. சன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, கதவை அடைத்தார். வீட்டில் வேறு ஆள் இல்லை. பாளையங்கோட்டை வெயிலில் அறை அவியத் தொடங்கியது.

நாலு வரி பாடினார். ஹெட்போனை மாட்டிக் கேட்டார்.

குரல் சுத்தமாக இருந்தது. வரிக்கும் வரிக்கும் நடுவில் மட்டும் ஏதோ ஒன்று.

மூச்சு.

தன் மூச்சுதான் என்று சொல்லிக்கொண்டார். மறுபடி பதிவு செய்யத் தொடங்கி, பாடாமல், மூச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு கேட்டார்.

இழுத்து இழுத்து வந்தது. நெஞ்சுக்குள் விசில் ஊதும் அந்த இழுப்பை முப்பது வருஷம் பக்கத்தில் படுத்துக் கேட்டவர் அவர்.

ஒரு சாண்தான் இந்த மைக்குக்குக் கேட்கும்.

மைக்குக்கு அந்தப் பக்கம் தொங்கிய சேலை அசையாமல் நின்றது. ஓடத் தோன்றவில்லை. ஓடுவதற்குத் தனக்கு என்ன யோக்கியதை என்றுதான் தோன்றியது.

"செல்வி" என்றார் மைக்கில். புதிதாகப் பதிவைத் தொடங்கியிருந்தார். அன்றைக்கு நடந்த அத்தனையையும் சொன்னார். தட்டியது கேட்டதைச் சொன்னார். கேட்டும் பாடியதைச் சொன்னார். "நித்யாட்டயும் பொய்தான் சொன்னேன்" என்று அழுதார். மனசு மாறுவதற்குள், கேட்டுக்கூடப் பார்க்காமல், அந்தப் பதிவை மகளுக்கு அனுப்பிவிட்டார்.

பத்து நிமிடத்தில் போன் வந்தது.

"அப்பா, என்னது அனுப்பிருக்கிய?"

"முழுசும் கேட்டியாம்மா?"

"கேட்டேன். உங்க குரலே இல்லையேப்பா."

அவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"யாரோ கதவத் தட்டுத சத்தம் மட்டும்தான் வருது. பைய, ரெண்டு ரெண்டு தட்டா, கடைசி வரைக்கும் தட்டிக்கிட்டே இருக்காவ." நித்யா மூக்கை உறிஞ்சினாள். "ஏம்ப்பா ஒருத்தரும் தொறக்கல?"

இனிமேல் எந்த மைக்கும் இல்லை. மகளின் காதில்தான் சொல்ல வேண்டும்.

"அம்மாதான் தட்டுனா" என்றார். "நான்தான் தொறக்கல."

மறுமுனையில் இணைப்பு அறுந்தது.

சுடலைமணி எழுந்து போய்க் கதவைத் திறந்தார். கூடத்தில் யாரும் இல்லை.

வெளிக் கைப்பிடியில் சிவப்புத் துண்டு தொங்கியது. அதிலிருந்து ஆற்றுத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.